ஐஸ் என்று பதிந்த இலக்கம்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. சஞ்சிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது, கைபேசியையும் கணினியையும் நல்லபடி பாவிக்கப் பத்து யோசனைகள். "சனத்துக்குப் பிரயோசனமாய் இருக்கவேணும், இலக்கியம் வேண்டாம்" என்று கறாராகவே சொன்னார். நானும் பிரயோசனமாகத்தான் தொடங்கினேன்.

யோசனை ஒன்று: உங்கள் கைபேசி மந்தமாக ஓடுகிறதா? கிழமைக்கு ஒரு தடவை அதை முழுதாக நிறுத்தி, மறுபடி

[விடுவோம். இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவரும் செய்வதில்லை.]

யோசனை இரண்டு: கடற்கரையில் இருப்பவர்கள் மடிக்கணினியைப் பாவிக்காத நேரத்தில் பருத்தித் துணியால் மூடி வையுங்கள். உப்புக்காற்று உள்ளே போனால் விசைப்பலகையில் முதலில் சாவது

[இது நல்ல யோசனை. ஆனால் எந்த விசை முதலில் சாகும் என்று எனக்குத் தெரியாது.]

யோசனை மூன்று: தொலைபேசிப் பதிவில் ஒரே பெயர் பல தடவை இருந்தால், 'ஒன்றாக்கு' என்ற பொத்தானை அழுத்துங்கள்.

இந்த வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த கையோடு மார்த்தா வந்துவிட்டாள். பேசாலைக்காரி, ஐம்பது கடந்தவள், கையில் போனைச் சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "அதை அமத்தச் சொல்லி எழுதாதீங்கோ" என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. ஆனால் இது நல்ல குரங்கு. ஆசிரியர் கோபித்தாலும் கதையை நான் விடப்போவதில்லை.

2

மார்த்தாவை எங்கிருந்து தொடங்குவது? "பேசாலைக் கடலில் அன்று அலை" என்று எழுதினேன். அலையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைக்கிறவன். அடித்தேன். "மார்த்தாவின் ஒரே மகள் வீட்டைவிட்டுப் போனபோது" என்று இன்னொன்று. வந்தவுடனே வாசகரிடம் கண்ணீர் கேட்பது மரியாதை இல்லை. அதையும் அடித்தேன்.

றொசானாவின் கடையில் தொடங்கலாம். பேசாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், கைபேசி விற்பதும் திருத்துவதும் கணினியில் விண்ணப்பம் அடித்துக் கொடுப்பதுமாக ஒரு சின்னக் கடை. புதுப் போன்கள் இந்தக் கரைக்கு வந்த காலத்தில், வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் போன் மின்னஞ்சல் கேட்டது. வலை இழுக்கிறவனிடம் ஏது மின்னஞ்சல்? றொசானா தன் கடைப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து அதையே எல்லோருடைய போனிலும் போட்டுக் கொடுத்தாள். கடவுச்சொல் மறந்தால் அவளிடம் வந்தால் சரி. மன்னார்த் தீவு முழுக்கவும், பெருநிலத்தில் சிலாவத்துறையில் சிலருக்கும், ஒரே கணக்கு.

அதனால் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஒருவர் தன் போனில் பதியும் பெயர், அந்தக் கணக்கு இருக்கும் எல்லாப் போனிலும் போய்க் குந்திக்கொள்ளும். 'அம்மா' என்று தேடினால் கரையிலுள்ள அம்மாமார் எல்லோரும் வரிசையில் வந்தார்கள். 'மச்சான்'மாரை எண்ணி முடியாது. சிலர் தங்கள் தாயை 'அம்மா எங்கட' என்று மாற்றிப் பதிந்தார்கள்; அந்த யோசனை மற்றவர்களுக்கும் பிடித்துவிட்டதால் பலன் இல்லாமல் போயிற்று. கடைசியில் இலக்கத்தின் வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை எல்லோருக்கும் கைவந்தது. தப்பான ஆளுக்கு அடித்துவிட்டால், "பரவாயில்லை, சுகமாய் இருக்கிறியளோ?" என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைப்பார்கள். ஊருக்கு ஒரு பொதுக்கிணறு போல அது ஆகிவிட்டது.

* அடிக்குறிப்பாக வந்திருக்கவேண்டியது: இதை நீங்கள் செய்யாதீர்கள். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல். ஆசிரியர் கவனிக்க, பிரயோசனமான யோசனை ஒன்று வந்துவிட்டது.

3

மார்த்தாவின் மகள் பெற்றிசியா மன்னார் நகரில் ஒரு கந்தோரில் வேலை செய்தவள். அங்கே பழகிய உயிலங்குளத்துக் கோகுலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் சைவம், வயல்காரன். மார்த்தாவின் கணவர் அமிர்தநாயகம் படகு வைத்திருக்கும் கத்தோலிக்கர், கோயிலில் முன்வரிசை. "இந்த வீட்டில அவளின்ர பேரை ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்றார். ஒருத்தரும் சொல்லவில்லை. அதோடு நின்றிருக்கலாம். மகளின் இலக்கத்தை எங்கோ தேடிப் பிடித்து அழைத்தார்; போனை அவளுடைய மாமனார் தில்லைநாதன் எடுக்க, அவரிடம் வாயில் வந்ததெல்லாம் பேசினார். அன்றைக்கே பெற்றிசியா இலக்கத்தை மாற்றிவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் இருந்த ஒற்றைத் தொடர்பும் அறுந்தது.

[இந்த இடத்தில் அமிர்தநாயகத்தைக் கொடுமைக்காரராக எழுதி, பெரிய மீசையும் வைத்திருந்தேன். மார்த்தா விடவில்லை. "அவர் கோவக்காரர். கெட்டவர் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.]

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது, பெற்றிசியாவோடு படித்த பெண்ணொருத்தி மார்த்தாவை மதிலோரம் கூப்பிட்டாள்.

"மாமி, பெற்றி புது நம்பர் தந்தவள். நீங்கள் மட்டும் எடுக்கட்டாம். அப்பாவின்ர கைக்குப் போச்செண்டா இதையும் மாத்திப்போடுவாளாம். பிறகு ஒருத்தருக்கும் தரமாட்டாளாம்."

"கெதியாச் சொல்லு பிள்ளை, அவர் வாறார்."

மார்த்தாவிடம் பேனை இல்லை. இலக்கத்தை நேரே போனில் அடித்தாள். அடித்து முடிய, பெயர் கேட்டது. 'மகள்' என்று போட்டால் அமிர்தநாயகத்தின் போனிலும் வரும், கரை முழுக்கவும் வரும். சும்மா விட்டால் தொலைந்துவிடும். மீன்பிடிக்கிற ஊரில் எல்லோருக்கும் வேண்டியது, ஒருவரும் உற்றுப் பார்க்காதது எது? 'ஐஸ்' என்று பதிந்தாள். ஐஸ் கொம்பனி, ஐஸ் லொறிக்காரன், ஐஸ் ஏற்றுகிறவன் என்று அந்தப் பெயரில் ஏற்கெனவே பல இலக்கங்கள் இருந்தன. தன்னுடையதன் வாலை மட்டும் மனதில் எழுதிக்கொண்டாள்.

ஒரு தாய் தன் மகளுக்கு ஐஸ் என்று பெயர் வைப்பாளா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. 'மாதா' என்று வைக்கச் சொல்லிப் பார்த்தேன். அது கதைக்கு அழகாக இருந்திருக்கும். மார்த்தா சிரித்தாள். "மாதா எண்டு போட்டா அவர் உடன எடுத்துப் பார்ப்பார்" என்றாள்.

4

ஞாயிறென்றால் பேசாலையில் கடல் தொழில் இல்லை. பூசை, இறைச்சிக் கறி, நித்திரை. பின்னேரம் அமிர்தநாயகத்துக்குக் கை சும்மா இருக்காது. மற்ற நாளில் வலையும் எஞ்சினும் பிடித்த கை அது. மார்த்தா இலக்கம் பதிந்த அன்றும் போனை எடுத்தார்.

ஞாயிறுதோறும் றொசானா தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். போனை எப்படிச் சார்ஜ் போடுவது, கடலில் விழுந்த போனை எப்படி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுவது, இப்படி ஏதாவது. (கருவாட்டோடு வெயிலில் காயப்போட்ட ஒருவருக்குப் போன் இட்டலி மாதிரி வீங்கிய பிறகு சொன்னது.) போன கிழமை, டேட்டாவை வேண்டிய நேரம் மட்டும் திறந்து வேலை முடிய மூடச் சொல்லியிருந்தாள். அமிர்தநாயகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். செய்தி கேட்க மட்டும் திறந்தார்.

"ஒரே பேர் கன தரம் கிடந்தா ஒன்றாக்கலாம். ஆனா கவனம், ஒவ்வொண்டாப் பாத்துத்தான் செய்யோணும். 'எல்லாவற்றையும்' எண்டு ஒண்டு கீழ கிடக்கும், அதை மட்டும் அமத்தி..."

யாரும் பேசி முடிக்கும்வரை கேட்கும் பழக்கம் அமிர்தநாயகத்திடம் இல்லை. 'எல்லாவற்றையும்' கண்ணில் பட்டது, அழுத்தினார். டேட்டாவை மூடினார். "இஞ்ச பார் மார்த்தா, எல்லாம் துப்புரவாக்கிப்போட்டன்" என்று போனை நீட்டினார்.

மார்த்தா பார்த்தாள். வரிசையாக இருந்த ஐஸ்கள் எல்லாம் ஒரே ஐஸாகி, அதற்குள் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. பெற்றிசியா ஐஸ் கொம்பனிக்கு அடுத்ததாக இருந்தாள். மார்த்தா போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். திங்கள் காலை அவர் கடற்கரைக்குப் போன பிறகு மகளோடு பேசலாம் என்று நினைத்திருந்தவள் அவள்.

* தொழில்நுட்பம் தெரிந்த வாசகர், "இலக்கத்தைக் கணக்கில் பதியாமல் சிம்மில் பதிந்திருக்கலாமே" என்று கேட்பார். பதிந்திருக்கலாம். அப்போது அது அந்தப் போனைவிட்டு வெளியே போகாது. ஐந்தாவது யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாவுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

5

திங்கள் விடிந்தபோது கரையில் எல்லோருக்கும் ஐஸ் வேண்டும், ஞாயிறு பெட்டிகள் வெறுமையாகிவிட்டன. அன்றைக்கென்று ஐஸ் கொம்பனியில் மெசின் பழுது. அவர்கள் போனை எடுக்கவில்லை. முதல் இலக்கம் எடுக்காவிட்டால் மனிதன் என்ன செய்வான்? அடுத்ததை அழுத்துவான்; கணக்கு ஒன்றென்பதால் எல்லோருடைய போனிலும் அடுத்தது பெற்றிசியா.

அமிர்தநாயகம் வெளியே போனதும் மார்த்தா மகளுக்குப் போன் எடுத்தாள். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி எடுத்தாள், அதே பதில். யாரார் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கரை முழுக்க எடுக்கிறது. எந்த நிமிடத்திலும் அவரும் எடுப்பார். செருப்பைக்கூடப் போடாமல் றொசானாவின் கடைக்கு ஓடினாள்.

கடையில் திருவிழாக் கூட்டம்.

"கட்டாரில இருக்கிற மருமகனுக்கு எடுக்கிறன், தாராபுரத்து நௌஷாட் எடுத்து 'சொல்லுங்கோ மாமா' எண்டுறார்!"

"என்ர அம்மாவுக்குள்ள ஊரில உள்ள எல்லா அம்மாவும் கிடக்கினம்!"

றொசானா கணினிக்கு முன்னால் இருந்து கையை உயர்த்தினாள். "சத்தம் போடாதேங்கோ. அமத்தினது ஆர் எண்டு கேக்கமாட்டன். எல்லாம் திருப்பி வரும்."

மார்த்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசைக்கு அருகே போனாள். "எங்கட ஆள்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். "பிள்ளை, ஐஸுக்குள்ள ஒரு நம்பர் போயிட்டுது. அது ஐஸ் இல்லை."

றொசானா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். கணினியில் தொடர்புகளின் பக்கத்தைத் திறந்து, 'மாற்றங்களை மீளப்பெறு' என்ற இடத்துக்குப் போனாள். "மாமி, இது ஒருத்தருக்கும் தெரியாத சாமான். ஒரு மாசத்துக்குள்ள எந்த நேரத்தில எப்பிடி இருந்ததோ, அப்பிடியே கொண்டுவந்து விடலாம். நேற்றுப் பின்னேரம் அவர் அமத்த முன்னம் வைக்கிறன், சரியோ?"

அழுத்தினாள். கடையில் நின்றவர்களின் போன்களில் அம்மாமார் பிரிந்து தங்கள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். சனம் கை தட்டியது. (ஆறாவது யோசனை. இந்த ஒன்றுக்காகவே ஆசிரியர் எனக்குச் சம்பளம் தரலாம்.)

"அப்ப அவரின்ர போனிலயும் பிரிஞ்சிருக்கும்?" என்று மார்த்தா கேட்டாள்.

றொசானாவின் முகம் மாறியது. "டேட்டா திறந்திருந்தாத்தான். மாமா மூடி வைக்கிறவர் எல்லோ. நான்தானே சொன்னனான்."

6

மார்த்தா கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அமிர்தநாயகம் படகின் நிழலில் நின்றார். போன் காதில் இருந்தது.

[இங்கே மார்த்தாவை ஓடிப்போய்ப் போனைப் பறிக்க வைத்தேன். பறிக்கும்போது போன் கடலில் விழுந்தது. விறுவிறுப்பாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உண்மையில் அவள் நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள்.]

அவருடைய பக்கப் பேச்சு மட்டும் அவளுக்குக் கேட்டது.

"ஹலோ, பிள்ளை, ஐஸ் இருக்கா?"

நெடுநேரம் ஒன்றும் இல்லை. அவர் போனைக் காதில் இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"கேக்குதோ? ஐஸ்... ஓம்... ஓம்... என்ன பிள்ளை, தொண்டை அடைச்சுக் கிடக்கு, காய்ச்சலோ?"

பிறகு, "சரி. சரி பிள்ளை. நாளைக்கு எடுக்கிறன்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். மார்த்தாவைக் கண்டதும், "இண்டைக்கு ஐஸ் இல்லையாம். நாளைக்கு எடுக்கச் சொல்லுது" என்றார்.

"ஆர் கதைச்சது?"

"ஆரோ பிள்ளை ஒண்டு. பேர் கேக்கேல்லை." மணலில் கிடந்த கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மார்த்தா அழைத்தபோது மகள் உடனே எடுத்தாள். இருவரும் முதலில் அழுதார்கள். பெற்றிசியாதான் பிறகு சிரித்தாள். "விடியத் தொடக்கம் எங்கட ஊர் ஆக்கள் எல்லாம் எனக்கு எடுத்து ஐஸ் கேக்கினம் அம்மா. எல்லாருக்கும் றோங் நம்பர் எண்டு சொல்லிச் சொல்லி வச்சனான். அப்பாவின்ர குரல் வந்தவுடன என்னாலை அப்பிடிச் சொல்ல ஏலாமல் போச்சு. 'இண்டைக்கு இல்லை' எண்டனான். நாளைக்கு எடுக்கச் சொல்லிப்போட்டன். ஏன் சொன்னனெண்டு எனக்கே தெரியேல்லை."

"நம்பரை மாத்தப்போறியோ?"

"நாளைக்கு எடுக்கச் சொல்லிப்போட்டு எப்பிடி அம்மா மாத்துறது?"

7

செவ்வாய்க்கிழமையும் எடுத்தார். புதனும் எடுத்தார். அதற்குள் ஐஸ் கொம்பனி மெசின் திருத்தி, லொறி கடற்கரைக்கே வந்து கட்டி கட்டியாக இறக்கிவிட்டுப் போனது. பெட்டி நிறைய ஐஸை வைத்துக்கொண்டு அமிர்தநாயகம் ஐஸ் கேட்டு எடுத்தார். "இண்டைக்கும் இல்லை, நாளைக்கு எடுங்கோ" என்றாள் பெற்றிசியா. காய்ச்சல் சுகமோ என்று கேட்டார். அங்கே மழை பெய்ததோ என்று கேட்டார். ஐஸ் கொம்பனிக்காரியிடம், வயலுக்குத் தண்ணீர் போதுமோ என்றும் ஒருநாள் கேட்டார்.

அவருக்குத் தெரியுமா? இதில்தான் நான் நெடுநாள் நின்றுவிட்டேன். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: தெரியாது. ஒரு குரலின் மரியாதை பிடித்துப்போய், மகள் இல்லாத வீட்டில் இருக்கும் ஒரு மனிதர் யாரோ ஒரு பிள்ளையோடு தினமும் இரண்டு வார்த்தை பேசுகிறார்.

இரண்டாம் விதம்: முதல் நாள், அந்த நெடுநேர மௌனத்திலேயே தெரியும். தெரிந்தால் கோபிக்கவேண்டும், கோபித்தால் இலக்கம் மாறும். ஆகவே ஐஸ் கேட்கிறார்.

முதல் விதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மார்த்தா ஒன்றைச் சொன்னாள். றொசானாவின் அடுத்த செய்தியைக் கேட்க அவர் டேட்டாவைத் திறந்தபோது, அவருடைய போனிலும் ஐஸ்கள் மறுபடி பிரிந்துவிட்டன. ஒரே பெயரில் ஒரு வரிசை. ஆனால் அவருடைய விரல் ஒருநாள்கூடப் பிழையான ஐஸில் படவில்லை. மார்த்தா அருகில் இருந்து பார்த்தாள். வாலைப் பார்த்து நேரே அதையே அழுத்தினார். இவ்வளவும் தெரிந்த பிறகு நான் முதல் விதத்தைக் கைவிட்டேன். நீங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்.

8

றொசானா ஒரு முடிவுக்கு வந்தாள். பொதுக்கணக்கு போதும், ஆளுக்கொரு கணக்கு. கூலி வேண்டாம், எல்லோரும் போனைக் கொண்டு வாருங்கோ, உங்கட உங்கட ஆக்களை மட்டும் பிரிச்சுத் தாறன் என்று செய்தி அனுப்பினாள். கடை மறுபடி நிறைந்தது. ஒவ்வொருவராகக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பெயராக, "இது உங்கட அம்மாவோ, வேறை ஆரின்ரயுமோ?" என்று கேட்டுப் பிரித்தாள்.

அமிர்தநாயகத்தின் முறை வந்தது. மார்த்தா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மச்சான்மார் குறைந்தார்கள், மருமக்கள் குறைந்தார்கள். ஐஸ் வந்தது.

"மாமா, இது கொம்பனி. இது லொறிக்காரர். இந்த நம்பர் ரெண்டிலயும் இல்லை. அழிக்கவா?"

"அழிக்காத." சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது கிடக்கட்டும்."

"அப்ப என்ன பேர் போட?"

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். தமிழ் அடிக்க வராது என்றார். இரண்டும் உண்மை.

"அடிக்கத் தேவையில்லை மாமா. இந்த மைக் படத்தை அமத்திப்போட்டு வாயால சொன்னாக் காணும், அதுவே எழுதும். கடையில கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ, இல்லாட்டி பிழையா எழுதிப்போடும்."

ஆசிரியருக்குக் கடைசி யோசனை இது. எழுத வராதவர்களும் கண் மங்கியவர்களும் மைக்கை அழுத்திச் சொன்னால் போதும், தமிழை நன்றாகவே எழுதுகிறது. ஒரேயொரு நிபந்தனை, வாய் திறந்து சொல்லவேண்டும்.

'ஐஸ்' என்று அவர் சொன்னால் நாளைக்கும் எடுப்பார், பெற்றிசியா நாளைக்கும் இல்லை என்பாள், காய்ச்சலும் மழையும் விசாரித்துக்கொண்டு இப்படியே பல காலம் ஓடும். அது குறைந்த வாழ்க்கை என்று நான் சொல்லமாட்டேன். மற்றதைச் சொன்னால், தன் வீட்டில் ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று தானே தடுத்த பெயரை, கடை நிறைந்த சனத்துக்கு முன்னால் தானே சொன்னவர் ஆவார்.

இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. அவருடைய குரலை இத்தனை பக்கமாக நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், என்னைவிட உங்களுக்கு நிதானமாகக் கேட்டிருக்கும். ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன்.

மைக் திறந்திருக்கிறது. அமிர்தநாயகம் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகிறார். மார்த்தா அவரைப் பார்க்கிறாள். கடையில் ஒருவரும் அசையவில்லை.

பெயர்: ......................